குருதி உறையாமையும் வயதுவந்தோர் மனநலமும்

குருதி உறையாமை அல்லது ஈமோஃபீலியா என்பது குருதி உறைவதற்குத் தேவையான புரதங்களுள் ஒன்று குறைவாக இருப்பதனால், அல்லது அறவே இல்லாதிருப்பதனால், ஏற்படும் மரபணுக் குறைபாடு ஆகும். தமிழில் இது இரத்த ஒழுக்கு நோய் எனவும் அழைக்கப்படுவதுண்டு. பிறப்பிலேயே அமையும் இக்குறைபாடு வாழ்நாள் முழுவதும் தொடர்கின்றது. முற்காலத்தில் கடுமையான குருதி உறையாமை உடையோரில் பலர் இளமையிலேயே இறந்தனர். சிகிச்சை வளர்ந்ததன் விளைவாக இன்று அவர்கள் கல்வி கற்று, தொழில் செய்து, குடும்பம் அமைத்து முதுமை வரை வாழ்கின்றனர். இதனால் குழந்தைப் பருவ நோயாக அறியப்பட்ட இக்குறைபாடு வயதுவந்தோரின் அன்றாட வாழ்வு சார்ந்த ஒன்றாகவும் மாறியுள்ளது. வயதுவந்தோருக்கு இதனால் உண்டாகும் மன அழுத்தம், பதற்றம், மனச்சோர்வு ஆகியன அவர்களது மன உறுதியின் குறைவால் தோன்றுவன அல்ல. முன்னறிய முடியாத குருதிக்கசிவு, நீங்காத வலி, வேலை இழப்பு அச்சம், மருந்து கிடைக்குமா என்ற ஐயம் போன்ற அடையாளம் காணத்தக்க காரணங்கள் அவற்றுக்கு உண்டு. ஆகவே அவற்றுட் பலவற்றைக் குறைக்கவும் முடியும்.

நோயின் அடிப்படை

குருதி உறைதல் பல காரணிகள் ஒன்றன்பின் ஒன்றாகச் செயற்படும் தொடர்நிகழ்வாகும். இவற்றுள் எட்டாம் காரணி குறைவது குருதி உறையாமை 'ஏ' வகை எனவும், ஒன்பதாம் காரணி குறைவது 'பி' வகை எனவும் அழைக்கப்படுகின்றன. 'ஏ' வகையே மிகுதியாகக் காணப்படுகின்றது. இது ஏறத்தாழ 5,000 ஆண் குழந்தைகளில் ஒருவருக்கு ஏற்படுகிறது. 'பி' வகை அதனினும் அரிதானது. இவ்விரு காரணிகளுக்குரிய மரபணுக்களும் எக்ஸ் நிறப்புரியில் உள்ளன. ஆண்களுக்கு ஒரே ஓர் எக்ஸ் நிறப்புரி இருப்பதால் அதில் குறை இருப்பின் நோய் வெளிப்படுகின்றது. பெண்களுக்கு இரண்டு இருப்பதால் பெரும்பாலும் அவர்கள் குறையுள்ள மரபணுவைக் கடத்தும் காவிகளாக அமைகின்றனர். ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு நோயாளிகளின் குடும்பத்தில் முன்னர் எவருக்கும் இந்நோய் இருந்ததில்லை. இவர்களில் நோய் புதிய மரபணு மாற்றத்தால் தோன்றுகின்றது.

காரணியின் அளவு இயல்பான அளவில் 1 விழுக்காட்டுக்கும் குறைவாக இருப்பின் கடுமையான நிலை எனவும், 1 முதல் 5 விழுக்காடு வரை இருப்பின் மிதமான நிலை எனவும், 5 முதல் 40 விழுக்காடு வரை இருப்பின் இலேசான நிலை எனவும் வகைப்படுத்தப்படுகின்றது. கீறல் பட்டவுடன் குருதி முழுவதும் வழிந்துவிடும் என்பது பரவலான தவறான நம்பிக்கை. உண்மையில் பெரும் சிக்கலை உண்டாக்குவது உடலின் உள்ளே, குறிப்பாக முழங்கால், கணுக்கால், முழங்கை ஆகிய மூட்டுக்களில் ஏற்படும் கசிவாகும். கடுமையான நிலையில் அடி எதுவும் படாமலேயே இக்கசிவு ஏற்படலாம். ஒரே மூட்டில் மீண்டும் மீண்டும் குருதி கசியும்போது குருத்தெலும்பு சிதைந்து மூட்டு இறுகிவிடுகின்றது. இச்சேதம் வெளியே எளிதில் தெரியாததே சமூக வாழ்வில் ஏற்படும் பல இன்னல்களுக்குக் காரணமாகிறது.

அன்றாட அழுத்தத்தின் தோற்றுவாய்கள்

முன்னறிய முடியாமை

கசிவு எப்போது, எங்கே ஏற்படும் என்று கூற இயலாது. இரவு நலமாக உறங்கச் சென்றவர் காலையில் முழங்கால் வீங்கிய நிலையில் எழலாம். கசிவு தொடங்கும்போது மூட்டில் குறுகுறுப்பு அல்லது இளஞ்சூடு போன்ற உணர்வு தோன்றுவதைப் பல நோயாளிகள் தாமே கண்டுகொள்கின்றனர். இவ்வறிதல் பயனுள்ளது. ஏனெனில் எவ்வளவு விரைவில் உறைகாரணி செலுத்தப்படுகின்றதோ அவ்வளவு குறைவாக மூட்டு பாதிக்கப்படும். எனினும் உடலை ஓயாது கண்காணித்துக் கொண்டிருக்கும் பழக்கம் மனத்தைக் களைப்படையச் செய்கின்றது. தேர்வு நாள், நேர்முகத் தேர்வு, உறவினர் திருமணம், வெளியூர்ப் பயணம் என்று எதைத் திட்டமிட்டாலும் கூடவே ஓர் ஐயமும் வருகின்றது.

வலி

கசிவின்போது ஏற்படும் கடும் வலியும், சிதைந்த மூட்டினால் ஏற்படும் நீடித்த வலியும் வெவ்வேறானவை. முதலாவது உறைகாரணியால் தணியும். இரண்டாவது அவ்வாறு தணிவதில்லை. 10 நாடுகளைச் சேர்ந்த 675 வயதுவந்த நோயாளிகளிடம் நடத்தப்பட்ட ஹீரோ என்னும் பன்னாட்டு ஆய்வில், பத்தில் ஏறத்தாழ ஒன்பது பேர் முந்தைய நான்கு வாரங்களில் வலி தமது அன்றாட வாழ்வுக்கு இடையூறாக இருந்ததாகத் தெரிவித்தனர். அந்த 10 நாடுகளில் இந்தியா இடம்பெறவில்லை. ஆகவே அதன் எண்களை அப்படியே இந்திய நிலைமைக்குப் பொருத்த முடியாது.

வலி தூக்கத்தைக் கெடுக்கின்றது. தூக்கமின்மை மனச்சோர்வை வளர்க்கின்றது. மனச்சோர்வு வலியை மேலும் கடுமையாக உணரச் செய்கின்றது. இச்சுழற்சியில் இருப்பவர் மருந்துக் கடையில் தாமே வலி மாத்திரை வாங்கி உட்கொள்வது ஆபத்தானது. ஆசுபிரின், ஐபுப்ரோஃபென், டைக்குளோஃபினாக் போன்ற மருந்துகள் குருதிச் சிறுதட்டுக்களின் செயலைத் தடுத்துக் கசிவை அதிகரிக்கக் கூடியவை. வலியை மறக்க மதுவை நாடுவதும் உண்டு. இதனால் கல்லீரல் பாதிக்கப்படுவதோடு, விழுந்து காயமடையும் வாய்ப்பும் கூடுகின்றது.

உடல் இயக்கம்

தமிழர் வாழ்வில் பல செயல்கள் தரையை ஒட்டியே நிகழ்கின்றன. பாயில் படுத்தல், பந்தியில் சம்மணமிட்டு உண்ணுதல், குந்தி அமர்ந்து கழிவறையைப் பயன்படுத்துதல், கோயிலில் தரையில் அமர்தல் முதலிய அனைத்துக்கும் முழங்கால் நன்கு மடங்க வேண்டும். மேல்நாடுகளில் உருவான மூட்டு மதிப்பீட்டு முறைகள் இவற்றைப் போதிய அளவு கணக்கில் எடுப்பதில்லை.

வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் உருவாக்கப்பட்ட 'ஃபிஷ்' என்னும் செயல்சார் தற்சார்பு மதிப்பீட்டு முறை இவ்வகையில் குறிப்பிடத்தக்கது. உண்ணுதலும் தன்னைச் சீர்செய்து கொள்ளுதலும், குளித்தல், உடை அணிதல், நாற்காலியில் அமர்ந்து எழுதல், குந்தி அமர்தல், நடத்தல், படியேறுதல், ஓடுதல் ஆகிய எட்டுச் செயல்களை நோயாளி எவ்வளவு தூரம் பிறர் உதவியின்றிச் செய்கிறார் என்பதை இது அளக்கின்றது. ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 4 வரை மதிப்பெண் வழங்கப்படும். முழு மதிப்பெண் 32 ஆகும். இன்று இது பிற நாடுகளிலும் பயன்படுத்தப்படுகின்றது. இம்முறை மனநிலையை அளப்பதற்கானது அன்று. எனினும் ஒருவர் பிறரைச் சார்ந்திராமல் வாழும் அளவு அவரது தன்மதிப்போடு நெருங்கிய தொடர்புடையது. குளிக்கவும் உடை மாற்றவும் தாயின் அல்லது மனைவியின் கையை எதிர்பார்க்க நேரும் இளைஞருக்கு, உடல் வலியினும் அந்நிலையே பெரும் துயராக இருக்கக் கூடும்.

தொழில்

உழவு, கட்டட வேலை, சுமை தூக்குதல் போன்ற உடலுழைப்புத் தொழில்கள் கடுமையான குருதி உறையாமை உடையோருக்குப் பொருத்தமற்றவை. நாட்கூலியை நம்பியிருக்கும் குடும்பத்தில் இது நேரடியான வருமான இழப்பாகும். அலுவலக வேலையில் இருப்போருக்கு அடிக்கடி விடுப்பு எடுக்க நேர்வது சிக்கலாகின்றது. நேற்று நன்றாக நடந்தவர் இன்று ஊன்றுகோலுடன் வருவதையும், அடுத்த வாரம் மீண்டும் இயல்பாக நடப்பதையும் காணும் உடன் பணியாற்றுவோர், அவர் நடிப்பதாக ஐயுறுவதுண்டு. இந்த ஐயத்தைத் தவிர்க்கக் கசிவுடனேயே வேலைக்குச் செல்பவர்களும் உள்ளனர். இதனால் மூட்டு மேலும் கெடுகின்றது.

மறைத்தலும் வெளிப்படுத்தலும்

நோயைப் பற்றி யாரிடம், எப்போது, எந்த அளவு கூறுவது என்பது வயதுவந்த ஒவ்வொரு நோயாளியும் எதிர்கொள்ளும் கேள்வியாகும். கூறினால் வேலை கிடைக்காது, பெண் கிடைக்காது என்ற அச்சம் ஒருபுறம். கூறாவிடின் விபத்தின்போது சரியான சிகிச்சை கிடைக்காமற் போகும் ஆபத்து மறுபுறம். பலர் சுளுக்கு என்றோ, மூட்டுவாதம் என்றோ கூறிச் சமாளிக்கின்றனர். இதற்கு ஒரு பக்க விளைவு உண்டு. சுளுக்கு என்று நம்பும் சுற்றத்தார் எண்ணெய் தேய்த்து உருவிவிட அழைத்துச் செல்வர். குருதி கசியும் மூட்டை உருவிவிடுவது கசிவை மிகைப்படுத்தும். நம்பத்தகுந்த ஒருவரிடமாவது உண்மையைக் கூறி வைத்திருப்பதும், நோயின் வகை, காரணி அளவு, குருதி வகை ஆகியன எழுதிய அட்டையை உடன் வைத்திருப்பதும் பரிந்துரைக்கப்படுகின்றன.

திருமணமும் மரபுவழியும்

குருதி உறையாமை உடைய ஆண் ஒருவர் காவி அல்லாத பெண்ணை மணந்தால், அவருடைய மகன்களுக்கு நோய் வராது. ஏனெனில் மகன் தந்தையிடமிருந்து ஒய் நிறப்புரியையே பெறுகிறான். மகள்கள் அனைவரும் காவிகளாக இருப்பர். இவ்வெளிய உண்மை தெரியாமையால் திருமணத்தையே தவிர்த்தவர்களும், அச்சத்துடன் மணவாழ்வைத் தொடங்கியவர்களும் உண்டு.

தமிழ்நாட்டில் தாய்மாமன் தன் அக்காள் மகளை மணக்கும் வழக்கம் சில சமூகங்களில் தொடர்வதால், இங்கு ஒரு தனிச் சூழல் எழுகின்றது. நோயுள்ள ஆணின் தாய் காவியாக இருப்பின், அவருடைய உடன்பிறந்த சகோதரியும் காவியாக இருக்க 50 விழுக்காடு வாய்ப்பு உள்ளது. அச்சகோதரி காவியானால் அவர் மகள் காவியாக இருக்கவும் 50 விழுக்காடு வாய்ப்பு உண்டு. காவியான அக்காள் மகளை நோயுள்ள மாமன் மணந்தால், பிறக்கும் ஒவ்வொரு மகனுக்கும் மகளுக்கும் நோய் ஏற்பட இரண்டில் ஒரு பங்கு வாய்ப்பு இருக்கும். பெண்களிடம் அரிதாகவே காணப்படும் கடுமையான நோய் இவ்வகைத் திருமணத்தால் தோன்றக் கூடும். ஆகவே உறவுமுறைத் திருமணம் பேசப்படும் குடும்பங்களில் மரபணு ஆலோசனை பெறுவது முதன்மையானது.

காவிகளான பெண்கள்

நோய் ஆண்களிடம் வெளிப்பட்டாலும் அதன் மனச்சுமையைப் பெண்களும் சுமக்கின்றனர். மகனுக்கு நோய் வந்தமைக்குத் தாயின் 'இரத்தம்' காரணம் எனப் புகுந்த வீட்டார் பழிப்பதும், தாய் தன்னைத் தானே நொந்து கொள்வதும் பரவலாகக் காணப்படும் நிலைமைகள். மரபணுவை எவரும் தெரிந்து தேர்ந்தெடுத்துக் கடத்துவதில்லை. புதிய மரபணு மாற்றத்தால் நோய் தோன்றிய குடும்பங்களில் தாய் காவியாகக் கூட இருக்க வேண்டியதில்லை. நோயாளியின் தங்கைக்கோ அக்காளுக்கோ வரன் தேடும்போது, நோயாளி மறைக்கப்படுவதும் உண்டு. தன்னால் உடன்பிறந்தாள் வாழ்வு தடைப்படுகின்றது என்ற குற்றவுணர்வு வயதுவந்த நோயாளிகளின் மனச்சோர்வுக்கு ஒரு காரணமாகும்.

காவிகளான பெண்களுள் சிலருக்குக் காரணி அளவு குறைந்து காணப்படும். அவர்களுக்கு மாதவிடாயின்போதும் மகப்பேற்றுக்குப் பின்னும் மிகையான குருதிப்போக்கு ஏற்படலாம். இத்தகையோரைக் காவி என்று மட்டும் கூறாமல் நோயுடையோராகவே வகைப்படுத்த வேண்டும் எனக் குருதியுறைவு தொடர்பான பன்னாட்டு மருத்துவச் சங்கம் 2021 ஆம் ஆண்டில் பரிந்துரைத்தது.

கருவில் உள்ள குழந்தைக்கு நோய் உள்ளதா என்பதைக் கண்டறியும் சோதனை இந்தியாவில் உள்ளது. கருவின் பாலினத்தை அறிவதைத் தடை செய்யும் 1994 ஆம் ஆண்டுச் சட்டம், பால்சார் மரபணு நோய்களைக் கண்டறியப் பதிவு பெற்ற மையங்களில் சோதனை செய்வதை அனுமதிக்கின்றது. சோதனை செய்வதா, முடிவை அறிந்தபின் என்ன செய்வது என்பன பெற்றோருக்குப் பெரும் மன உளைச்சலைத் தரும் முடிவுகளாகும். ஆதலால் சோதனைக்கு முன்னும் பின்னும் ஆலோசனை தேவைப்படுகின்றது.

தலைமுறைகளும் அச்சமும்

சிகிச்சையின் வரலாறு நோயாளிகளின் மனநிலையிலும் பதிந்துள்ளது. 1960களின் நடுப்பகுதி வரை முழுக் குருதி அல்லது குருதி நீர்மம் ஏற்றுவதே வழியாக இருந்தது. பின்னர் குளிர்முறையில் பிரித்தெடுத்த கிரையோபிரெசிப்பிடேட் வந்தது. 1970களில் பலருடைய குருதி நீர்மத்தைச் சேர்த்துத் தயாரித்த உறைகாரணிச் செறிவுகள் பரவின. 1980களில் அவற்றின் வழியே எச்.ஐ.வி., கல்லீரல் அழற்சி 'சி' ஆகிய தீநுண்மங்கள் உலகெங்கும் ஆயிரக்கணக்கான நோயாளிகளைத் தொற்றின. உயிர் காக்கும் மருந்தே உயிரைப் பறித்த இந்நிகழ்வு நோயாளிகளிடையே நீண்டநாள் அவநம்பிக்கையை விதைத்தது. இதன் பின்னர் தீநுண்மங்களை அழிக்கும் முறைகள் கட்டாயமாயின. 1992 ஆம் ஆண்டில் மரபணுப் பொறியியல் முறையில் தயாரித்த எட்டாம் காரணி பயன்பாட்டுக்கு வந்தது.

இந்தியாவில் அசோக் பகதூர் வர்மா என்பவரின் முயற்சியால் 1983 ஆம் ஆண்டில் இந்திய ஈமோஃபீலியா கூட்டமைப்பு தொடங்கப்பட்டது. அவரும் இந்நோய் உடையவர். இக்கூட்டமைப்பின் கிளைகள் தமிழ்நாடு உட்படப் பல மாநிலங்களில் இயங்குகின்றன. உலக ஈமோஃபீலியா கூட்டமைப்பைத் தோற்றுவித்த பிராங்க் சுனாபெல் பிறந்த நாளான ஏப்ரல் 17, 1989 முதல் உலக ஈமோஃபீலியா நாளாகக் கடைப்பிடிக்கப்படுகின்றது.

ஒரே மருத்துவமனை வரிசையில் இன்று நிற்கும் 50 வயதினருக்கும் 20 வயதினருக்கும் இடையே பெரும் வேறுபாடு உண்டு. முன்னவர் மருந்து எளிதில் கிடைக்காத காலத்தில் வளர்ந்து, மூட்டுக்கள் இறுகிய நிலையில் இருப்பவர். தன் கண் முன்னே நோயால் இறந்த உறவினரை நினைவில் வைத்திருக்கக் கூடியவர். பின்னவர் ஓரளவு நலமான மூட்டுக்களுடன், பிறரைப் போல் வாழ்வதை எதிர்பார்ப்பவர். இருவருக்கும் தேவைப்படும் உளவியல் உதவி ஒன்றன்று.

மனச்சோர்வையும் பதற்றத்தையும் கண்டறிதல்

நீண்டகால உடல்நோய் உடையவர்களிடம் மனச்சோர்வைக் கண்டறிவது எளிதன்று. களைப்பு, தூக்கக் குறைவு, பசியின்மை ஆகியன மனச்சோர்வின் அறிகுறிகள். வலியும் குருதியிழப்பும் இவற்றையே உண்டாக்கும். ஆகவே மருத்துவரும் குடும்பத்தினரும் இவற்றை நோயின் இயல்பான விளைவு எனக் கருதி விட்டுவிட வாய்ப்புள்ளது. முன்னர் விரும்பிய செயல்களில் ஆர்வமின்மை, தன்னைப் பயனற்றவனாகக் கருதுதல், எதிர்காலத்தைப் பற்றிப் பேசாதிருத்தல், மருந்தை வேண்டுமென்றே தவிர்த்தல், தேவையற்ற ஆபத்தை மேற்கொள்ளுதல் ஆகியவற்றைத் தனியே கவனிக்க வேண்டும். இரண்டு வாரங்களுக்கு மேல் இவை நீடிப்பின் மருத்துவரை நாடுதல் நன்று. பி.எச்.கியூ-9 எனப்படும் ஒன்பது வினாக்கள் கொண்ட படிவம் இதற்குத் தொடக்கநிலைச் சோதனையாகப் பயன்படுகின்றது. இது நோயை உறுதி செய்வதில்லை. மேலும் ஆராயத் தேவை உண்டா என்பதை மட்டும் காட்டுகின்றது.

வேலூர் மருத்துவர் அலோக் ஸ்ரீவத்சவா தலைமையிலான குழு தொகுத்து, உலக ஈமோஃபீலியா கூட்டமைப்பு 2020 ஆம் ஆண்டில் வெளியிட்ட சிகிச்சை வழிகாட்டியின் மூன்றாம் பதிப்பு, குருதியியல் மருத்துவர், செவிலியர், இயன்முறை மருத்துவர் ஆகியோருடன் உளவியல் அல்லது சமூகப் பணியாளரையும் சிகிச்சைக் குழுவின் உறுப்பினராகக் குறிப்பிடுகின்றது. நடைமுறையில் பெரும்பாலான இடங்களில் இவ்வுறுப்பினரின் இடமே வெற்றாக உள்ளது.

மனநல மருந்து உட்கொள்வோர் கவனிக்க வேண்டிய செய்திகள் இரண்டு. மனச்சோர்வுக்கு வழங்கப்படும் செர்ட்ராலின், ஃபுளுவாக்சிட்டீன் போன்ற மருந்துகள் குருதிச் சிறுதட்டுக்களில் உள்ள செரோட்டோனினைக் குறைப்பதால் கசிவுப் போக்கைச் சற்றுக் கூட்டலாம். எனவே மனநல மருத்துவரிடம் குருதி உறையாமையைப் பற்றித் தவறாது கூற வேண்டும். இதனால் மருந்தையே தவிர்க்க வேண்டும் என்பது பொருளன்று. இருதுறை மருத்துவர்களும் கலந்து முடிவு செய்வர். தானாக மருந்தை நிறுத்துவதும் தீங்கானது. அடுத்து, தசையில் போடும் ஊசிகள் தசைக்குள் குருதிக்கசிவை ஏற்படுத்தும் என்பதால் இயன்றவரை தவிர்க்கப்படுகின்றன.

ஊரகச் சூழல்: திருமானூர் பகுதி

மருத்துவமனைக்கும் வீட்டுக்கும் இடையேயுள்ள தொலைவு இந்நோயில் மனநிலையைப் பாதிக்கும் பெரிய காரணி ஆகும். இதனை விளக்க அரியலூர் மாவட்டத்தின் திருமானூரை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். கொள்ளிடத்தின் வடகரையில் அமைந்த இவ்வூர் ஓர் ஊராட்சி ஒன்றியத்தின் தலைமையிடம் ஆகும். சுற்றிலும் வேளாண்மையே முதன்மைத் தொழில். வடக்கே மாவட்டத் தலைநகர் அரியலூரும், ஆற்றுப் பாலத்தைக் கடந்து தெற்கே திருவையாறும் தஞ்சாவூரும் உள்ளன. அரியலூர் தனி மாவட்டமாக 2007 ஆம் ஆண்டில் மீண்டும் உருவாக்கப்பட்ட பின்னரும் பல ஆண்டுகள் அங்கு மருத்துவக் கல்லூரி இருக்கவில்லை. அக்காலத்தில் உயர்நிலைச் சிகிச்சைக்குத் தஞ்சாவூருக்கோ திருச்சிராப்பள்ளிக்கோ செல்ல வேண்டியிருந்தது. அரியலூர் அரசு மருத்துவக் கல்லூரி 2022 சனவரியில், தமிழ்நாட்டின் வேறு பத்து அரசு மருத்துவக் கல்லூரிகளுடன் திறந்து வைக்கப்பட்டது.

தமிழ்நாட்டில் அரசு மருத்துவமனைகள் வழியாக உறைகாரணி இலவசமாக வழங்கப்படுகின்றது. ஏழை எளியோர் பெருந்தொகை செலவழிக்காமல் உயிர் வாழ இது வழி செய்துள்ளது. ஆயினும் விலையில்லா மருந்தைப் பெறவும் ஒரு விலை உண்டு. வீங்கிய முழங்காலுடன் ஊரகப் பேருந்தில் ஏறி இறங்குதல், துணைக்கு வருபவரின் ஒரு நாட்கூலி, இரவில் கசிவு ஏற்பட்டால் ஊர்தி ஏற்பாடு செய்தல் ஆகியன அவ்விலையாகும். கிராமத்து நோயாளி கசிவு தொடங்கியதை உணர்ந்தும், தானே அடங்கிவிடும் என எண்ணி ஒரு நாள் பொறுத்திருப்பதற்கு அறியாமையை விட இக்கணக்கே பெரும்பாலும் காரணமாகும். அவ்வொரு நாள் தாமதம் மூட்டைக் கெடுக்கும்; கெட்ட மூட்டு வேலையைப் பறிக்கும்; வேலையின்மை மனச்சோர்வைக் கொணரும்.

இயல்பான எட்டாம் காரணி மருந்து உடலில் பாதியாகக் குறைய ஏறத்தாழ 8 முதல் 12 மணி நேரமே ஆகின்றது. ஆகவே கசிவு வராமல் காக்கும் முற்காப்புச் சிகிச்சைக்கு வாரம் இரண்டு, மூன்று முறை சிரை வழியே மருந்து செலுத்த வேண்டும். குளிர்சாதனப் பெட்டியில் மருந்தை வைத்து, தானே ஊசி செலுத்திக் கொள்ளப் பயிற்சி பெற்றவருக்கு மேற்கூறிய பயணச் சுமை வெகுவாகக் குறைகின்றது. தன் சிகிச்சை தன் கையில் உள்ளது என்ற உணர்வு பதற்றத்தையும் தணிக்கின்றது.

சட்டப் பாதுகாப்பு

1995 ஆம் ஆண்டின் மாற்றுத் திறனாளிகள் சட்டத்தில் குருதி உறையாமை இடம்பெறவில்லை. 2016 ஆம் ஆண்டில் இயற்றப்பட்டு 2017 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்றது. அவற்றுள் குருதி உறையாமை, தலசீமியா, அரிவாள்செல் நோய் ஆகிய மூன்று குருதி நோய்களும் மனநோயும் அடங்கும். குறைந்தது 40 விழுக்காடு குறைபாடு உடையதாகச் சான்று பெற்றவர்களுக்கு அரசு மற்றும் அரசு உதவிபெறும் உயர்கல்வி நிறுவனங்களில் 5 விழுக்காட்டுக்குக் குறையாத இடஒதுக்கீடு உண்டு. ஆனால் அரசுப் பணிகளுக்கான 4 விழுக்காடு இடஒதுக்கீட்டைக் கூறும் பிரிவில் குருதி நோய்கள் பட்டியலிடப்படவில்லை. படிப்பதற்குக் கிடைத்த உதவி வேலைக்குக் கிடைக்காமை, பட்டம் பெற்ற இளைஞர்களின் ஏமாற்றத்துக்கு ஒரு காரணமாக உள்ளது. இதனை மாற்ற வேண்டும் என்பது நோயாளிகளின் கோரிக்கைகளுள் ஒன்று.

2017 ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம், அரசு நடத்தும் அல்லது அரசு நிதி பெறும் நிலையங்களில் மனநலச் சிகிச்சை பெறுவதை ஒவ்வொருவரின் உரிமையாக ஆக்கியது. உடல்நோய்க்கு வழங்குவது போன்றே மனநோய்ச் சிகிச்சைக்கும் காப்பீடு வழங்கப்பட வேண்டும் எனவும் இச்சட்டம் கூறுகின்றது.

சமாளிக்கும் வழிகள்

மன அழுத்தத்தைக் குறைக்க உதவுவனவாகப் பின்வருவன பரிந்துரைக்கப்படுகின்றன:

* கசிவு நாட்குறிப்பு எழுதுதல். எந்த மூட்டில், எப்போது, எவ்வளவு மருந்து என்று பதிவதால் மருத்துவருக்குத் தெளிவு கிடைக்கின்றது. இனம்புரியாத அச்சம் கணக்கிடத்தக்க ஒன்றாகவும் மாறுகின்றது.
* இயன்முறைப் பயிற்சி. மூட்டைச் சுற்றியுள்ள தசைகள் வலுவடைந்தால் கசிவு குறையும். நீச்சல் பொருத்தமான உடற்பயிற்சியாகக் கருதப்படுகின்றது. குழந்தைப் பருவம் முதல் 'ஓடாதே, விளையாடாதே' என்று கேட்டு வளர்ந்தவர்களுக்குத் தம் உடல் மீதான நம்பிக்கையை இது மீட்டுத் தருகின்றது.
* ஒத்த நிலையினருடன் பழகுதல். கூட்டமைப்பின் கிளைக் கூட்டங்களில் தம்மைப் போன்ற பிறரைச் சந்திப்பது தனிமையுணர்வைப் போக்குகின்றது.
* பொருத்தமான தொழிற் பயிற்சி. உடலுழைப்பு குறைந்த தொழில்களை இளமையிலேயே தெரிந்தெடுத்துக் கற்பது பின்னர் ஏற்படும் வேலை இழப்பைத் தவிர்க்கும்.
* குடும்பத்துடன் பேசுதல். அளவு கடந்த பாதுகாப்பு வயதுவந்தவரைக் குழந்தையாகவே வைத்திருக்கும். எதில் உதவி தேவை, எதில் தேவையில்லை என்பதை வெளிப்படையாகக் கூறுவது இருசாராருக்கும் நன்மை தரும்.
* அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை. பதற்றத்துக்கும் நீடித்த வலிக்கும் இவ்வகைப் பேச்சுச் சிகிச்சை பயனளிக்கின்றது.

புதிய சிகிச்சைகளும் மனநிலையும்

எட்டாம் காரணியின் பணியைத் தான் செய்யும் எமிசிசுமாப் என்னும் மருந்து 2017 ஆம் ஆண்டு முதல் அமெரிக்காவிலும், 2019 ஆம் ஆண்டு முதல் இந்தியாவிலும் ஏற்கப்பட்டுள்ளது. இது தோலுக்கடியில் வாரம் ஒரு முறையோ, இரண்டு அல்லது நான்கு வாரங்களுக்கு ஒரு முறையோ செலுத்தப்படுகின்றது. உறைகாரணிக்கு எதிர்ப்பு உண்டாகி அது பயன் தராத நோயாளிகளுக்கும் இது பயன்படுகின்றது. ஆயினும் இதன் உயர்ந்த விலை பரவலான பயன்பாட்டுக்குத் தடையாக உள்ளது.

மரபணுச் சிகிச்சையில் தமிழ்நாட்டுக்குக் குறிப்பிடத்தக்க இடம் உண்டு. வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் கடுமையான 'ஏ' வகை நோயுடைய 22 முதல் 41 வயது வரையான ஐந்து பேருக்கு, அவர்களுடைய சொந்தக் குருதித் தண்டுக்கலங்களில் லென்டிவைரஸ் வழியே மரபணுவைச் சேர்த்துச் சிகிச்சை அளிக்கப்பட்டது. இதன் முடிவுகள் 2024 திசம்பரில் வெளியாயின. கண்காணிக்கப்பட்ட காலத்தில் அவர்களில் எவருக்கும் குருதிக்கசிவு ஏற்படவில்லை. சிகிச்சை பெற்றோர் ஐவரே என்பதாலும், நீண்டகால விளைவுகள் தொடர்ந்து கண்காணிக்கப்பட வேண்டியிருப்பதாலும், இது இன்னும் ஆய்வு நிலையிலேயே உள்ளது. அமெரிக்காவில் 'பி' வகைக்கு 2022 ஆம் ஆண்டில் ஏற்கப்பட்ட மரபணுச் சிகிச்சை ஒன்றின் அறிவிக்கப்பட்ட விலை 35 இலட்சம் டாலர் ஆகும். உள்நாட்டில் உருவாகும் சிகிச்சையின் தேவையை இது உணர்த்துகின்றது.

கசிவு நின்றாலும் மனம் உடனடியாக மாறிவிடுவதில்லை. நோயைப் பற்றிய நினைப்பின்றி வாழும் நிலையையும் சிகிச்சையின் நோக்கமாகக் கொள்ள வேண்டும் என்ற கருத்து அண்மைக்கால மருத்துவ எழுத்துக்களில் இடம்பெற்று வருகின்றது. பல ஆண்டுகள் எச்சரிக்கையுடன் வாழ்ந்தவர் அவ்வெச்சரிக்கையைக் கைவிடக் காலம் எடுக்கும். ஏற்கனவே சிதைந்த மூட்டும், இழந்த கல்வியும் வேலையும் புதிய மருந்தால் திரும்புவதில்லை. இளையோருக்குக் கிடைத்தது தனக்குக் காலங்கடந்து வந்தது என்ற ஏக்கமும் மூத்த நோயாளிகளிடம் எழுவதுண்டு.

உதவி பெறும் இடங்கள்

1996 முதல் நடைமுறைப்படுத்தப்பட்டு வரும் மாவட்ட மனநலத் திட்டத்தின் கீழ் அரசு மருத்துவமனைகளில் மனநல ஆலோசனை பெறலாம். 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட டெலி மானஸ் என்னும் தேசியத் தொலைபேசிச் சேவை 14416 என்ற எண்ணில் கட்டணமின்றி இயங்குகின்றது. தமிழ்நாட்டில் இது 'நட்புடன் உங்களோடு மனநலச் சேவை' என்ற பெயரில் வழங்குகின்றது. மருத்துவமனைக்குப் பயணம் செய்ய இயலாத நிலையில் உள்ளவர்களுக்கு இது பயனுள்ளது. வாழ்வில் பற்றின்மையோ தற்கொலை எண்ணமோ தோன்றுமாயின் காலந்தாழ்த்தாது இச்சேவையையோ அருகிலுள்ள அரசு மருத்துவமனையையோ நாட வேண்டும். மூட்டில் கசிவு தொடங்கும்போது விரைந்து செயற்படுவது எவ்வாறு இன்றியமையாததோ, மனம் சோரத் தொடங்கும்போது விரைந்து உதவி பெறுவதும் அவ்வாறே இன்றியமையாதது ஆகும்.